மீன்காட்சியகத்தில் எடுத்த படத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா?

மார்ச் 2 — வாசகர் கேள்வி

தொட்டிக்குத் தொட்டி பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் இல்லாவிட்டால் போனில் செயலி இருக்கிறது. கடலுக்குள் முங்கிப் படம் எடுப்பவர்கள் பெயர் தேடி அலைவது புரிகிறது. கண்ணாடிக்குப் பின்னால் சும்மா நிற்கும் மீனுக்கு என்ன அடையாளச் சிக்கல்? நான் ஒரே நாளில் 430 படம் எடுத்தேன், அன்று இரவே எல்லாவற்றுக்கும் பெயர் போட்டுவிட்டேன். இதற்கு ஏன் இத்தனை பேச்சு?

மார்ச் 2, இரவு

430க்கும் பெயர் போட்டுவிட்டீர்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். நூறு படம் எடுத்தால் அறுபதுக்குப் பெயர் தேறும், அதிலும் பத்தைப் பிறகு மாற்றுவேன்.

உங்கள் ஏழாவது படத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளைப் பட்டை, முதுகிலிருந்து நீளும் வெள்ளை இழை. ‘மூரிஷ் ஐடல்’ என்று போட்டிருக்கிறீர்கள். வாலைப் பாருங்கள், மஞ்சள். மூரிஷ் ஐடலின் வால் கறுப்பு, ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கீற்று. உங்களுடையது பதாகை மீன், அறிவியல் பெயர் ஹெனியோகஸ் அக்யூமினாட்டஸ். ஐடல் தனிக் குடும்பம், அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது அந்த ஓர் இனம் மட்டும்தான். பதாகை மீன் வண்ணத்துப்பூச்சி மீன்களின் குடும்பம். பார்க்க அண்ணன் தம்பி, உள்ளே வேறு வீடு.

பலகையில் ஐடல் என்றுதான் போட்டிருந்தது என்று சொல்லப்போகிறீர்கள். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

மார்ச் 3

பலகையைப் பற்றி. நான் பலகை எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. தொட்டி திறந்த அன்று அச்சடித்த பலகை அது. அதற்குப் பிறகு மீன் சாகும், புதிது வரும், சண்டை போட்டதை அடுத்த தொட்டிக்கு மாற்றுவார்கள். பலகை மட்டும் அப்படியே இருக்கும். முப்பது இனம் நீந்தும் தொட்டிக்கு எட்டுப் பெயர்தான் இடம் கொள்ளும், அந்த எட்டும் தொட்டியின் கதாநாயகர்கள். மூலையில் சாம்பல் நிறத்தில் நிற்கும் துணை நடிகருக்குப் பெயர் கிடையாது.

இப்போது பல இடங்களில் திரை வைத்துவிட்டார்கள். அது இன்னும் மோசம். நமக்கு வேண்டிய மீன் ஒன்பதாவது பக்கத்தில் வரும். எட்டாவது வரும்போது ஒரு குழந்தை வந்து தொட்டு முதல் பக்கத்துக்கே கொண்டுபோய்விடும்.

ஆனாலும் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்குள் நுழையும் முதல் படமாக. வீட்டுக்கு வந்து வரிசையாகப் பார்க்கும்போது எந்தப் படம் எந்தத் தொட்டி என்று அது பிரித்துக் காட்டும். பெயருக்காக இல்லை, தொட்டிக்காக.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

‘தொட்டிக்குள் நுழையும்’ என்று எழுதிவிட்டேன். யாரும் நுழைய வேண்டாம்.

மார்ச் 5

பலகை சரியாகவே இருந்தும் நாம் ஏமாறுவது உண்டு. பேரரசு தேவதை மீன், பொமகாந்தஸ் இம்பரேட்டர். பலகையில் பெரிய மீனின் படம் இருக்கும், நீல உடலில் மஞ்சள் கோடுகள், கண்ணில் கறுப்பு முகமூடி. தொட்டியில் இருப்பது குட்டி. கருநீல உடல், அதில் கல் எறிந்த குளம் மாதிரி வெள்ளை வளையங்கள். இரண்டும் ஒன்று என்று யார் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய மீனுக்கு 1787ல் பெயர் வைத்தவர் பிளாக் என்ற மீன் ஆய்வாளர். அவர் தொடங்கி ஷ்னைடர் முடித்து 1801ல் வந்த நூலில் குட்டிக்கு நிக்கோபாரென்சிஸ் என்று தனி இனமாகவே ஒரு பெயர் இருக்கிறது. கையில் மீனை வைத்துப் பார்த்தவர்களுக்கே அந்தக் கதி.

இடைப்பட்ட வயதில் ஒன்றை ஒருமுறை பார்த்தேன். பின்பாதியில் வளையம் உடைந்து கோடாக மாறிக்கொண்டிருந்தது, முன்பாதி இன்னும் குட்டி. பலகைக்கும் பொருந்தாது, செயலிக்கும் பொருந்தாது. அந்த ஒரு மீனின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். கூட வந்தவர்கள் சுறாவைப் பார்த்து, பென்குயினைப் பார்த்து, வெளியே போய் உட்கார்ந்து, போன் மேல் போன் போட்டார்கள்.

அப்புறம், உங்கள் ஏழாவது படம் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அக்யூமினாட்டஸ் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பின்னணியில் அதே மீன் இன்னும் பத்துப் பன்னிரண்டு தெரிகிறது, எல்லாம் நடுநீரில் கூட்டமாக. அக்யூமினாட்டஸ் பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோ பாறைப் பக்கம் திரியும். நடுநீரில் கூட்டம் போட்டு மிதவை உயிர்களைக் கொத்துவது டிஃப்ரியூட்டஸ், அதே ஹெனியோகஸ் பேரினத்தில் இன்னொன்று. இரண்டும் இரட்டை மாதிரி. முதுகுத்துடுப்பில் உள்ள முள்ளை எண்ணித்தான் பிரிக்க வேண்டும், அக்யூமினாட்டஸுக்கு வழக்கமாக 11, டிஃப்ரியூட்டஸுக்கு 12. எதற்கும் முதுகுத்துடுப்பு நன்றாக விரிந்த படம் ஒன்று இருந்தால் போடுங்கள்.

மார்ச் 6

போட்டதற்கு நன்றி. அதில் முதுகுத்துடுப்பே இல்லை. போனின் போர்ட்ரெய்ட் முறை அதைப் பின்னணி என்று நினைத்து மழுங்கடித்துவிட்டது.

இதை எல்லோருக்கும் சொல்கிறேன். போர்ட்ரெய்ட் முறை வேண்டவே வேண்டாம். துடுப்பின் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், போனுக்கு அது மீனா தண்ணீரா என்று தெரியாது, வெட்டிவிடும். நமக்கு வேண்டியதோ அந்த ஓரம்தான். இரவு முறையையும் அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அசையாத பாறைக்குச் சரி. நீந்தும் மீனுக்கு இரண்டு வால் முளைக்கும். கூர்மையாக்குகிறேன் என்று சில போன்கள் செதில் வரைந்து வைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 8

படம் எடுப்பதைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். நீளமாகத்தான் வரும்.

முதல் விஷயம், கண்ணாடிக்கு நேராக நில்லுங்கள். சாய்ந்து எடுத்தால் ஒளி தண்ணீரிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து காற்றுக்கும் வரும்போது வளையும், நிறத்துக்கு ஓர் அளவாக வளையும். அதனால்தான் சாய்ந்து எடுத்த படத்தில் மீனைச் சுற்றி நீலமும் ஆரஞ்சுமாக விளிம்பு கட்டுகிறது. லென்ஸை என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இது போகாது. சுவர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு மோசம். ஓக்கினாவாவின் சுராவுமி மீன்காட்சியகத்தில் பெரிய தொட்டியின் முகப்பு 8.2 மீட்டர் உயரம், 22.5 மீட்டர் அகலம், தடிமன் 60 சென்டிமீட்டர். அரை மீட்டருக்கு மேல் கனமான ஒரு பாளத்துக்குப் பின்னால் திமிங்கலச் சுறா போகிறது. ஓரத்தில் நின்றுகொண்டு அந்தக் கோடிக்கு லென்ஸைத் திருப்பினால் சுறா வராது, வானவில் பூசிய நிழல்தான் வரும்.

இரண்டாவது, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவிடுங்கள். லென்ஸ் முனையில் ரப்பர் ஹூட் (வளைய மூடி) ஒன்று மாட்டி அழுத்தினால் பின்னால் இருக்கும் வெளிச்சம், உங்கள் சட்டை, பக்கத்து ஆளின் போன் எதுவும் பிரதிபலிக்காது. உலோக விளிம்போடு அழுத்தாதீர்கள். பெரிய தொட்டிகள் பெரும்பாலும் அக்ரிலிக், அது கண்ணாடியை விட மென்மை, எளிதில் கீறல் விழும். ஒரு காவலர் என்னிடம் வந்து, ஒன்றும் பேசாமல், என் லென்ஸின் உலோக வளையத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே ரப்பர் வாங்கினேன்.

மூன்றாவது, ஷட்டர். மெதுவாகப் போகும் மீனுக்கு 1/125 நொடி போதும், துள்ளுகிறதற்கு 1/500 வேண்டும். வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200, 6400 என்று ஏறும். ஏறட்டும். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தில் முள்ளை எண்ணலாம், இழுபட்ட படத்தில் எண்ண முடியாது. எல்இடி விளக்குள்ள தொட்டியில் மின்னணு ஷட்டர் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும். கேமராவில் இயந்திர ஷட்டர் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

ஃப்ளாஷ் பற்றிப் பேச்சே இல்லை. பெரும்பாலான இடங்களில் கூடாது என்று எழுதியிருப்பார்கள். எழுதாத இடத்திலும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்கள் படத்தைத்தான் கெடுக்கும்.

மீனைத் துரத்தாதீர்கள். பெரும்பாலான மீன்கள் தொட்டிக்குள் ஒரே வழியில் சுற்றுகின்றன. இரண்டு சுற்று பார்த்துவிட்டு, அது திரும்பும் இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். திரும்பும்போது மீன் துடுப்பை விரிக்கும். அந்த அரை நொடிதான் நமக்கு வேண்டியது. நாற்பது தொட்டியை ஒரு மணி நேரத்தில் முடிப்பதை விட ஒரு தொட்டியில் நாற்பது நிமிடம் நிற்பது மேல். கதவு திறந்ததும் போனால் விரல் ரேகை இல்லாத கண்ணாடி கிடைக்கும்.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டலாம்.

மார்ச் 9

போலரைசர் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நானே பழைய பையில் மாட்டி வைத்திருந்ததை நினைத்து எழுதிவிட்டேன். யோசித்தால் அதில் அர்த்தமே இல்லை. போலரைசர் நன்றாக வேலை செய்வது, கண்ணாடிக்கு நேர்கோட்டிலிருந்து 56 டிகிரி சாய்ந்து பார்க்கும்போது. நேராக நின்றால் அது பிரதிபலிப்பை வெட்டவே வெட்டாது. அதாவது எந்தக் கோணத்தில் படம் கெடுமோ அந்தக் கோணத்தில் மட்டும் உதவுகிற கருவி. போதாததற்கு ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). வளைத்த அக்ரிலிக்கில் இருக்கும் இறுக்கம் எல்லாம் போலரைசர் வழியே வண்ண வண்ண வரிகளாகத் தெரிவதும் உண்டு. என்னிடம் அப்படி ஒரு சுறா படம் இருக்கிறது, கோயில் கோலம் மாதிரி. அழகாகத்தான் இருக்கிறது. சுறாதான் தெரியவில்லை.

மார்ச் 12

செயலி. நான் எதிரி இல்லை, தினமும் பயன்படுத்துகிறேன். உயிரினப் படத்துக்குப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி படத்தை மட்டும் பார்ப்பதில்லை, எடுத்த இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பரிந்துரை தருகிறது. காட்டிலும் கடற்கரையிலும் அது பெரிய உதவி. மீன்காட்சியகத்தில் அதுவே வினை. அமேசான் மீனும் செங்கடல் மீனும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. செயலியோ வெளியே ஓடும் ஆற்றில் என்ன இருக்கும் என்று யோசிக்கிறது. இடத்தை மறைத்துவிட்டு ஒரு தடவை, வைத்துக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். இரண்டு பதிலும் வேறாக இருந்தால் இரண்டையும் நம்பாதீர்கள்.

பதிவேற்றினால் ‘வளர்க்கப்படுவது’ என்று குறிக்க மறக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் மறந்துபோய், கடலே இல்லாத ஊரின் வரைபடத்தில் கடல் குதிரையை நட்டு வைத்தேன். யாரோ ஒருவர் வந்து, ‘நீந்தி வந்ததா, நடந்து வந்ததா?’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

மார்ச் 12, இரவு

கோமாளி மீனுக்குச் செயலி 90 சதவீதம் உறுதி என்று சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தக் கோமாளி? ஒசெல்லாரிஸா பெர்குலாவா? ஒசெல்லாரிஸுக்கு முதுகில் வழக்கமாக 11 முள், பெர்குலாவுக்கு 10. பெர்குலாவின் வெள்ளைப் பட்டைக்கு ஓரம் கட்டும் கறுப்பு தடிமனாக இருக்கும், ஒசெல்லாரிஸுக்கு மெல்லிய கோடு. அது காட்டில், அதாவது கடலில். தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் தொட்டியிலேயே பிறந்தவை. அழகுக்காகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்து, பட்டை உடைந்தது, முழுக் கறுப்பு, பனி விழுந்த மாதிரி வெள்ளை என்று என்னென்னவோ வந்துவிட்டன. இரண்டு இனத்தையும் கலந்ததும் உண்டு. இவற்றுக்குக் கையேட்டில் பக்கமே கிடையாது. நான் ‘கோமாளி மீன், வளர்ப்பு’ என்று போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

மார்ச் 16

இன்று போய் வந்தேன். வேறு ஊர், வேறு தொட்டி, ஆனால் அதே பதாகை மீன் கூட்டம். இரண்டு மணி நேரம், 212 படம், எல்லாம் முதுகுத்துடுப்புக்காக. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண், “அங்கிள், பெரிய மீன் அந்தப் பக்கம் இருக்கு” என்று பரிதாபப்பட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

எண்ணிய முள் 11. அப்படியானால் அக்யூமினாட்டஸ். வாசகருக்கு மார்ச் 2ல் சொன்னதுதான் சரி என்று வைத்துக்கொள்ளலாம், குறைந்தபட்சம் இந்தத் தொட்டிக்கு.

மார்ச் 19

நிறத்தை வைத்துப் பெயர் சொல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பவளத் தொட்டிகளில் நீல விளக்கு போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பு மிகக் குறைவு, அதனால் சிவப்பு மீன் கறுப்பாகத் தெரியும். உங்கள் கண் கொஞ்சம் சரிக்கட்டிக்கொள்ளும், கேமரா கட்டாது. ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் படமாக) எடுத்தால் பிறகு வொயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையைத் திருத்தலாம், ஆனால் வராத சிவப்பை எங்கிருந்து கொண்டுவருவது? கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கண்ணைத் தாண்டுகிறதா, வால் கவையா வட்டமா, வாய் மேல்நோக்கியா கீழ்நோக்கியா, இவை எந்த விளக்கிலும் மாறாது. நான் முதலில் வாய், அப்புறம் வால், அப்புறம் கோடு, கடைசியாகத்தான் நிறம் என்று பார்ப்பேன்.

அளவையும் நம்பாதீர்கள். தட்டைக் கண்ணாடிக்கு நேராக நின்றால் தண்ணீருக்குள் இருப்பது முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தெரியும், அதனால் பெரிதாகத் தோன்றும். வளைந்த சுரங்கப்பாதையில் நேர்மாறு, சிறிதாகத் தெரியும். ஒரு சுறாவை ‘ரொம்ப நேரம் யோசித்து’ ஒன்றரை மீட்டர் என்று எழுதி வைத்திருந்தேன். பராமரிப்பாளரிடம் கேட்டேன். இரண்டேகால் என்றார்.

மார்ச் 21

இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. சில வருடம் முன்பு ஒரு பெரிய தொட்டியில் இருந்த கொடுவா வால் மீன்களின் முகத்தில், கண்ணைச் சுற்றியும் அங்கிருந்து பக்கக்கோட்டை (உடலின் பக்கவாட்டில் வால் வரை ஓடும் உணர்வுக் கோட்டை) ஒட்டியும், வெளிறிய குழிக் குழித் திட்டுகளைப் பார்த்தேன். அந்தத் தொட்டியில் மூன்று மீனுக்கு அப்படி இருந்தது. எந்தக் கையேட்டிலும் இல்லை. ஏதோ அபூர்வ வட்டார வகை என்று முடிவு கட்டி, ‘முகத்தில் சரிகை வேலைப்பாடு’ என்று வர்ணனை வேறு எழுதினேன்.

அது நோய். தலை, பக்கக்கோடு அரிப்பு என்று சொல்வார்கள். தொட்டியில் நெடுநாள் வாழும் இந்த வகை மீன்களுக்கும் தேவதை மீன்களுக்கும் வருவது. வடிகட்டியில் போடும் கரியையும் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். நான் சரிகை என்று ரசித்தது புண் ஆறிய தழும்பு. அந்தப் படங்களை இன்னும் அழிக்கவில்லை, தலைப்பை மட்டும் மாற்றினேன்.

(கொடுவா வால் என்று நான் பாட்டுக்கு எழுதிவிட்டேன். வாலின் அடியில் கத்தி மாதிரி முள் உள்ள அகாந்துரஸ் குடும்பத்து மீன்களைச் சொல்கிறேன். கொடுவா மீன் வேறு.)

மார்ச் 24

சுறாவுக்கு வருவோம். எல்லோரும் அதைத்தானே கேட்கிறீர்கள்.

ஸ்டெகோஸ்டோமா. உடம்பெல்லாம் புள்ளி, உடம்பின் நீளத்தில் கிட்டத்தட்டப் பாதி வால். ஒரு நாட்டுப் பலகையில் வரிக்குதிரைச் சுறா, இன்னொரு நாட்டில் சிறுத்தைச் சுறா. புள்ளி இருக்கும்போது வரிக்குதிரை எங்கிருந்து வந்தது என்றால், குட்டியில் அதற்கு வரிதான், வளர வளரப் புள்ளியாகிறது. 2019ல் அறிவியல் பெயரை ஃபேசியாட்டம் என்பதிலிருந்து டிக்ரினம் என்று மாற்றினார்கள். டிக்ரினம் என்றால் புலி போன்றது. வரிக்குதிரை, சிறுத்தை, புலி மூன்றும் ஒரே மீனுக்குள். கலிஃபோர்னியாவில் சிறுத்தைச் சுறா என்றால் ட்ரயாகிஸ் என்ற முற்றிலும் வேறு சுறா. இதனால்தான் ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் நான் சண்டைக்கு வருகிறேன்.

இன்னொன்று, பல் வெளியே துருத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி மெதுவாக மிதக்கும் பெரியது. அமெரிக்காவில் மணல் புலி, ஆஸ்திரேலியாவில் சாம்பல் நர்ஸ், தென்னாப்பிரிக்காவில் கந்தல் பல். மூன்றும் கார்காரியாஸ் டாரஸ். புலியும் இல்லை, நர்ஸும் இல்லை. டாரஸ் என்றால் காளை. காளைச் சுறா என்று இன்னொன்று இருக்கிறது, அது இது இல்லை. படத்தில் பல்லை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள், இரண்டு முதுகுத்துடுப்பும் ஏறத்தாழ ஒரே அளவு. பல் பயமுறுத்தும், துடுப்புதான் பெயர் சொல்லும்.

மார்ச் 24, பிற்பகல்

வரிக்குதிரைச் சுறா என்றதும் ஒன்று நினைவு வந்தது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மீன்காட்சியகத்தில் லியோனி என்ற பெண் சுறா. ஆண் சுறாவைப் பிரித்து வைத்துச் சில வருடம் கழிந்த பின், 2016ல் அதன் முட்டைகளிலிருந்து மூன்று குட்டிகள் பொரித்தன. மரபணுவைப் பார்த்தால் தாயுடையது மட்டும். தலைப்புக்குச் சம்பந்தம் இல்லைதான்.

மார்ச் 27

சுரங்கப்பாதையைப் பற்றிக் குறைவாகப் பேசிவிட்டேன். அழகான படத்துக்கு அது லாயக்கில்லை, வளைவு எல்லாவற்றையும் இழுத்துவிடும். ஆனால் மீனின் அடிவயிறு வேறு எங்கே கிடைக்கும்? வேளா மீனும் ரம்பச் சுறாவும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி நீண்ட ரம்ப மூக்கு. அடியில் பார்த்தால் குழப்பமே இல்லை. வேளாவுக்குச் செவுள் பிளவுகள் அடிப்பக்கத்தில், ஏனென்றால் அது திருக்கைக் கூட்டம். ரம்பச் சுறாவுக்குக் கழுத்தின் பக்கவாட்டில், போதாததற்கு ரம்பத்தில் இரண்டு மீசை. தலைக்கு மேலே போகும்போது சட்டென்று ஒரு படம், அவ்வளவுதான்.

திருக்கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சிரிக்கிறது என்று படம் போடுபவர்களே, அந்த இரண்டு கண் கண் இல்லை, மூக்குத் துளை. கண் அந்தப் பக்கம் இருக்கிறது. அது உங்களைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 30

இனம் போதாது, ஆளே யார் என்று தெரிய வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். திமிங்கலச் சுறாவுக்கு முடியும். செவுளுக்குப் பின்னால் இடப்பக்கம் உள்ள புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. அதை ஒப்பிட 2005ல் எடுத்தாண்ட கணக்குமுறை வானியல்காரர்கள் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட வைத்திருந்தது. தொட்டியில் மூன்று சுறா இருந்தால் எது எது என்று நீங்களும் முயன்று பார்க்கலாம். நான் இரண்டு வரை வந்தேன், மூன்றாவது எப்போதும் வலப்பக்கத்தையே காட்டியது.

ஏப்ரல் 2

நிலா ஜெல்லிமீன் படம் எட்டு வந்திருக்கிறது. எட்டுக்கும் என் பதில் ‘ஔரேலியா’. அதற்கு மேல் ஒரு சொல் எழுத மாட்டேன். ஔரேலியா ஔரிட்டா என்று எல்லாப் பலகையிலும் இருக்கும். ஆனால் அந்தப் பேரினத்தில் உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாத, மரபணுவைப் பார்த்தால்தான் பிரியும் இனங்கள் பல. நல்ல லென்ஸ் வாங்கினால் மரபணு தெரியப்போவதில்லை. கடல் குதிரையிலும் பாதி இப்படித்தான். தலைக் கிரீடமும் உடல் வளையங்களின் எண்ணிக்கையும் தெளிவாகத் தெரிந்தால் பேசலாம், பாசியைக் கட்டிப்பிடித்துத் திரும்பி நிற்கும் படத்தை வைத்து முடியாது.

பேரினத்தோடு நிறுத்துவது தோல்வி என்று நினைத்தால், முதல் கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் 430ல் எத்தனை நிற்கும்?

ஏப்ரல் 5

சரி, என் கதை. மார்ச் 16ல் 11 முள் எண்ணினேன் என்று எழுதினேன். நேற்று இரவு வேறு வேலையாக அதே படத்தைத் திறந்தேன். பதாகை மீனின் நீண்ட வெள்ளை இழை இருக்கிறதே, அது நான்காவது முள். அதற்கு முன்னால் மூன்று சின்ன முள் இருக்க வேண்டும். என் படத்தில் இரண்டுதான் தெரிந்தது. முதல் முள் கடுகு மாதிரி, கறுப்புப் பட்டையின் மேலேயே படுத்துக் கிடக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டி, திரையில் மூக்கு படும் அளவுக்குப் பார்த்த பிறகு ஒரு நிழல் தெரிந்தது.

ஆக 12. அப்படியானால் டிஃப்ரியூட்டஸ்.

ஏப்ரல் 5, நள்ளிரவு

அப்படியும் இல்லை. அக்யூமினாட்டஸில் வழக்கமாக 11, ஆனால் 12 உள்ளவையும் உண்டு. டிஃப்ரியூட்டஸில் வழக்கமாக 12, சிலவற்றில் 13. அதாவது 212 படம் எடுத்து, மூன்று வாரம் கழித்து, இரண்டுக்கும் பொதுவான ஒரே எண்ணில் வந்து நிற்கிறேன். மூக்கு குட்டை, கூட்டமாக நீந்துகிறது, இவை டிஃப்ரியூட்டஸ் பக்கம் சாய்கின்றன. மூக்கு குட்டையா என்பதற்குப் பக்கத்தில் அக்யூமினாட்டஸ் இருந்தால்தானே ஒப்பிட முடியும். கூட்டமாக நீந்துவதற்கும், பன்னிரண்டு மீனை ஒரே தொட்டியில் விட்டால் அவை வேறு எங்கே போகும்?

மார்ச் 2 குறிப்பில் அக்யூமினாட்டஸ் என்று இருப்பதை ‘ஹெனியோகஸ்’ என்று வாசித்துக்கொள்ளவும். ஐடல் இல்லை என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

ஏப்ரல் 9

முதல் கேள்வி கேட்டவர் தனிச் செய்தி அனுப்பியிருந்தார். 430ல் 170க்குப் பெயரை எடுத்துவிட்டாராம். அத்தனை தேவையில்லை நண்பரே, அந்த சிங்க மீன் சிங்க மீன்தான், டெரோய்ஸ் என்று போட்டு வையுங்கள்.

ஏப்ரல் 20

13 முள் உள்ள பதாகை மீனை யாராவது படம் எடுத்திருந்தால் இங்கே போடுங்கள். கடுகு முள்ளைச் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.